கயிற்றின் மறுமுனை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் நாசரேத் ஒரு சிறு நிலையம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் அவ்வட்டாரத்தில் பணியாற்றினோம். அக்காலத்தில் மாலை வேளைகளில் அந்நிலையத்து மேடையில் மூதாட்டி ஒருவர் தனியே அமர்ந்திருப்பதைப் பலமுறை கண்டோம். அவர் கையில் பயணச்சீட்டும் இல்லை, பையும் இல்லை. வண்டி வந்து நிற்கும். இறங்குவோர் முகங்களை ஒவ்வொன்றாக நோக்குவார். வண்டி புறப்பட்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வீட்டை நோக்கி நடப்பார்.

ஒருநாள் அருகிற் சென்று, "யாரம்மா வரவேண்டும்?" என்று கேட்டோம்.

"யாரும் வரவேண்டியதில்லை சாமி. நம்ம கடற்கரை ஆள் யாராச்சும் இறங்கினா, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னுதான்" என்றார்.

அவ்விடை நம்மைச் சுட்டது. ஏனெனில் அவர் நமக்கு அந்நியரல்லர். எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய மகன் அவரை நம்மிடம் அழைத்து வந்திருந்தார். குடும்பப் பேரேட்டில் அவர் பெயரை எழுதினோம். திருப்பலி நேரங்களைச் சொன்னோம். தலைமேல் கைவைத்து ஆசி அளித்தோம். பேரேட்டில் மை உலர்ந்தபோதே அவரை நம் சமூகத்தில் சேர்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

அவர் யார்? வயது அறுபத்தெட்டு. கடற்கரை ஊரில் பிறந்து, அங்கேயே மணம் முடித்து, அங்கேயே கணவரை அடக்கம் செய்தவர். அவ்வூரில் செபமாலையைத் தொடங்கி வைக்கும் குரல் அவருடையது. பேறுகால வீடாயினும் இழவு வீடாயினும் முதலில் ஆள் அனுப்புவது அவருக்குத்தான். நாசரேத்தில் ஆசிரியராய் இருந்த மகன், தனித்திருந்த தாயைத் தம்மோடு வைத்துக்கொண்டார். மகனும் மருமகளும் பாசத்தில் குறைவைக்கவில்லை. "நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம்; சும்மா இருங்க" என்று நாள்தோறும் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் பிறருக்குத் தேவைப்பட்டவராய் இருந்த அவருக்கு அந்த அன்புச் சொல்லே தண்டனையாயிற்று.

மனிதர் ஒரு கூட்டத்தின் உறுப்பினராவது எவ்வாறு? பிறப்பினாலா, சடங்கினாலா, பதிவினாலா? சமூகவியல் அறிஞர் இதனைச் சமூகமயமாதல் என்று பெயரிட்டு ஆராய்கின்றனர். குழந்தைப் பருவத்தோடு அது முடிந்துவிடுவதில்லை. பள்ளியிற் சேரும்போதும், தொழிலில் இறங்கும்போதும், மணம் முடிக்கும்போதும், ஓய்வு பெறும்போதும், முதுமையில் இடம் மாறும்போதும் மனிதர் புதிதாய் ஒரு கூட்டத்தின் வாயிலில் வந்து நிற்கின்றனர். இவ்வுண்மையை நூல்களுக்கு முன்பே நம் கடல் நமக்குக் கற்பித்திருக்கிறது.

நம் தாய்வழிப் பாட்டனார் சங்கு குளித்தவர். சிறுவனாய்ப் படகில் ஏறிய நாளில் தமக்குக் கிடைத்த வேலை, படகினுள் சேரும் நீரை இறைப்பதே என்பார். குடிநீர்ப் பானையைக் காவல் காப்பது அடுத்த வேலை. பின்னர்ப் பாயும் கயிறும் கைக்கு வந்தன. குளிப்பு அதற்கும் பிறகுதான். "கடலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, வேலையைத்தான் கொடுத்தார்கள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961 இல். அந்நாளில் குளிப்பவர் கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்த கணமே இழுத்துத் தூக்க வேண்டும்; தவறினால் உயிர் போகும். அக்கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராய் இருப்பது வழக்கம் என்று கடற்கரையில் இன்றும் சொல்லுவர். தன் தங்கை தாலியறுக்கக் கூடாதே என்ற கவலை அவருக்கன்றோ மிகுதி! புது உறவு விருந்தோடு நின்றுவிடாமல், ஓர் உயிரையே கையில் ஒப்படைத்தது. மைத்துனர் என்ற சொல்லுக்கு அன்றுதான் முழுப்பொருள் வந்தது.

இக்கடற்கரைத் திருச்சபையும் அவ்வாறே வளர்ந்தது. பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் கற்பிப்பார் இன்றி, பெயரளவிலேயே கிறிஸ்தவராய் இருந்தனர். 1542 இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் மனனம் செய்வித்தார். அத்தோடு அவர் நிற்கவில்லை. கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்கும் பொறுப்பை அச்சிறுவரிடமே விட்டார். தாம் செல்ல இயலாத நோயாளர் வீடுகளுக்கு அவர்களையே அனுப்பிச் செபிக்கச் செய்தார். நேற்று வரை கரையில் விளையாடிய பிள்ளை, இன்று நோயாளியின் பாயருகே நின்று விசுவாச அறிக்கை சொல்கிறான். தான் யாரைச் சேர்ந்தவன் என்பதை இனி அவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நாசரேத் ஊரின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். கடலை விட்டு உள்ளே, பனைகளின் நடுவே அமைந்த இவ்வூர், ஆங்கிலிக்கன் மிஷனால் வளர்ந்தது. இன்று தென்னிந்தியத் திருச்சபையாரின் முக்கிய இடங்களில் ஒன்று. ஆர்தர் மர்காஷியஸ் ஐயர் 1876 இல் இங்கு வந்தார். அதே ஆண்டில் தொடங்கி 1878 வரை தென்னகத்தை வாட்டியது பெரும் பஞ்சம். பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட அவர், சோறும் கூரையும் தந்ததோடு அமையாமல் 1878 இல் தொழிற்பள்ளி ஒன்றையும் நிறுவினார். பஞ்சத்தில் வந்த பிள்ளை கைத்தொழில் கற்றான். இரக்கத்துக்கு உரியவனாய் வந்தவன், ஊருக்குத் தேவையானவனாய் வளர வழி பிறந்தது.

இதற்கு மாறானதையும் இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், நாசரேத்து மிஷனில் உபதேசியாராய் இருந்தவர்; மிகுந்த கல்விமான். மிஷனெரியோடு ஏற்பட்ட பிணக்கால் பணியிழந்த அவர், 1857 இல் தம்மைச் சேர்ந்தோருடன் பிரிந்து, வெளிநாட்டார் ஆளுகையை ஏற்காத இந்து கிறிஸ்தவ சபையைத் தோற்றுவித்தார். அப்பிரிவுக்குக் காரணங்கள் பல. அவற்றை ஆராய்ந்து தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. எனினும் ஒன்றை மறுப்பதற்கில்லை: கற்றறிந்து வளர்ந்தவர்களை என்றும் குழந்தைகளாகவே நடத்தும் வீட்டில் அவர்கள் நெடுநாள் தங்குவதில்லை.

இனி நம் பங்குகளை நோக்குவோம். பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு, மறைக்கல்வி, புதுநன்மை, உறுதிபூசுதல் என்று எத்தனை ஏற்பாடுகள்! நல்லதே. பெரியவராய் மறை தழுவ வருவோருக்கும், படிப்படியாக உடன்நடந்து வழிகாட்டும் ஞானத்துணைவர் வேண்டும் என்று 1972 இல் உரோமை வெளியிட்ட சடங்கு முறை கூறுகிறது. ஆனால் வேற்றூரிலிருந்து வாழவந்த மருமகளுக்குத் துணைவர் யார்? வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துவிட்டு, தன் ஊரிலேயே விருந்தாளியாய்த் திரும்பி நிற்கும் ஆண்மகனுக்கு யார்? ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எங்கே செல்வதென்று அறியாத எழுத்தருக்கு யார்? ஊர் மாறி வந்த முதியோருக்கு யார்?

மூதாட்டியின் கதைக்கு வருவோம். நம் தவற்றை உணர்ந்தபின் நாம் செய்த முதற்செயல் மற்றொரு தவறு. பங்குத் திருவிழாவில் முதியோருக்கென நாற்காலிகள் போட்டு, அவரை முன்வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்தினோம். மறுநாள் மாலையும் அவர் நிலையத்தில்தான் இருந்தார்.

அவ்வாண்டு புதுநன்மைக்குரிய சிறுவருள் ஒருவன் பின்தங்கியிருந்தான். தந்தை வெளிநாட்டில், தாய் மருத்துவமனையில் இரவுப்பணி. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அவனுக்குச் செபம் மனத்தில் நிற்கவில்லை. வேறு வழி தோன்றாமல் அவனை அழைத்துக்கொண்டு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றோம்.

"அம்மா, இவனை எங்களால் தயார்செய்ய முடியவில்லை. நீங்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றோம்.

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "முடியலைன்னு சொல்ல வெக்கமா இல்லையா சாமி? பிள்ளைக்கு என்ன குறை? ஏலே, இங்க வா. முதல்ல சாப்பிட்டியான்னு சொல்லு" என்றார்.

எட்டு மாதங்களில் முதன்முறையாக அவர் குரலில் அதிகாரத்தைக் கேட்டோம். நாம் ஏச்சு வாங்கியது அன்று நமக்கு ஆறுதலாகவே இருந்தது.

சிறுவன் நாள்தோறும் சென்றான். செபத்தோடு வாடைக்காற்றும் கச்சான்காற்றும் வேறென்றும் கற்றான். அவனைத் தொடர்ந்து வேறு இரு பிள்ளைகளும் வந்தனர். அடுத்த வீட்டுத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பாட்டியார் நோயுற்றுப் படுத்தபோது, இரவில் துணையிருக்க இவரையே அழைத்தார்கள். "சும்மா இருங்க" என்று சொன்ன மருமகள், "அத்தை, குழம்புக்கு உப்பு சரியா பாருங்க" என்று கேட்கலானார். புதுநன்மை நாளன்று அச்சிறுவன் தடுமாறாமல் செபம் சொன்னான். மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று எழுதினால் அழகாயிருக்கும். உண்மையில் அவர் பின்வரிசையிலிருந்து, "இன்னும் சத்தமா சொல்லுல" என்றார்.

அவர் கடற்கரையை மறந்துவிடவில்லை. மறக்கவும் வேண்டியதில்லை. மாற்றலாகி வருமுன் ஒரு மாலையில் அவரை மீண்டும் நிலையத்து மேடையில் கண்டபோது நம் மனம் பதைத்தது. நெருங்கிச் சென்றோம். அருகில் அச்சிறுவனும் இருந்தான். "ஊர்லேருந்து என் தங்கச்சி வாரா சாமி. வீடு காட்டணும்ல, அதான்" என்றார். வழி தேடி அமர்ந்திருந்தவர் இப்போது வழி காட்டுபவராய் அமர்ந்திருந்தார்.

அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் இல்லத்தில் "சும்மா இருங்கள்" என்று யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்பதை இம்மாதம் எண்ணிப் பாருங்கள். புதிதாய் வந்தவருக்கு நாற்காலி போடுவதோடு நின்றுவிடாமல், அவரால் ஆகக்கூடிய ஒரு பொறுப்பை, மெய்யாகவே நமக்குத் தேவையான ஒன்றை, அவர் கையில் கொடுங்கள். நாமும் நம் இப்போதைய பங்கின் பேரேட்டை மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறோம். மை உலர்ந்த பெயர்கள் அதில் பல உள்ளன. அவர்களுள் எத்தனை பேர் இந்நேரம் ஏதோ ஒரு மேடையில் வண்டியை எதிர்நோக்கி அமர்ந்திருக்கின்றனரோ!