கால்களும் பிரார்த்திக்கும்

"எங்களால ஆனதைச் செஞ்சுட்டோம்மா. இனி சாமியை வேண்டிக்கோங்க."

ஐசியூ வாசலில் நின்று இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு. கட்டட வேலையில் மூன்றாவது மாடியில் இருந்து விழுந்தவரைக் கொண்டு வந்தார்கள். தலையில் பலத்த காயம். அவர் மனைவியிடமும் இதையே சொன்னேன்.

"வேண்டிக்கிறேன் சார். ஆனா ஒரு பெல்ட் குடுத்திருந்தா இவரு விழுந்திருக்கவே மாட்டாரே" என்றார் அந்த அம்மா.

என்னிடம் பதில் இல்லை. விடிவதற்குள் கணவர் இறந்துவிட்டார்.

அந்தக் கேள்வியோடு இருந்த நாட்களில்தான் ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல் என்ற யூத மதகுருவைப் பற்றிப் படித்தேன்.

1907இல் வார்சாவில் பிறந்தவர். 1938இல் நாஜி அரசு அவரை ஜெர்மனியை விட்டுத் துரத்தியது. 1939இல் போர் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது போலந்தில் இருந்து தப்பினார். அம்மாவையும் மூன்று சகோதரிகளையும் நாஜிகளுக்குப் பலி கொடுத்தார். பிறகு நியூயார்க்கில் பேராசிரியர். பிரார்த்தனையைப் பற்றியே நிறைய எழுதியவர்.

1964இல் அமெரிக்க மருத்துவ சங்க மாநாட்டில், நோயாளியை மனிதனாகப் பாருங்கள் என்று எங்கள் ஆட்களிடமே பேசியிருக்கிறார்!

அடுத்த வருடம் செல்மா.

அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டு நடந்தார்கள். 1965 மார்ச் 7இல் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் போலீஸ் அவர்களைத் தடியால் அடித்தது, கண்ணீர்ப்புகை வீசியது. மார்ச் 21இல் மீண்டும் கிளம்பினார்கள். முன்வரிசையில் மார்ட்டின் லூதர் கிங். அதே வரிசையில் வெள்ளைத் தாடியோடு ஹெஷல்.

அன்று தன் கால்கள் பிரார்த்தித்ததாக உணர்ந்தேன் என்று பின்னாளில் அவர் சொன்னார்.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. யோம் கிப்பூர் அன்று யூதர்கள் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து பிரார்த்திப்பார்கள். அன்று காலை ஜெப ஆலயத்தில் வாசிப்பது ஏசாயா தீர்க்கதரிசியின் பகுதி. அது என்ன சொல்கிறது தெரியுமா? வேலையாட்களை வதைத்துக்கொண்டு நீ இருக்கும் விரதம் எதற்கு? ஒடுக்கப்பட்டவனை விடுவி, பசித்தவனுக்குச் சோறு கொடு என்கிறது.

வயிறு காய விரதம் இருப்பவர்களிடமே இதைக் கேட்கிறார்கள் பாருங்கள்!

அன்றைய பாவ அறிக்கையும் "நான்" என்று இருக்காது. "நாங்கள்" என்றுதான் இருக்கும். தான் நேரடியாகச் செய்யாத தவறையும் சேர்த்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள்.

இதைப் படித்ததும் என் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது.

அன்று இரவு விபத்துப் பதிவேட்டில் நான் எழுதியது, "உயரத்தில் இருந்து விழுந்தார்". அவ்வளவுதான். பெல்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போலீஸும் கோர்ட்டும் பார்க்கிற காகிதம் அது. பெல்ட் கொடுக்காதது நான் அல்ல. ஆனால் அதை எழுதாமல் விட்டது நான்தான்.

இப்போதும் "வேண்டிக்கோங்க" என்று சொல்கிறேன். அந்த வார்த்தையில் ஆறுதல் இருக்கிறது, அதை யாரிடம் இருந்தும் பறிக்க மாட்டேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். "பெல்ட் போட்டிருந்தாராம்மா?"

அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

என் பங்கு பிரார்த்தனை அது.