அரங்கிழந்த ஆட்டங்கள்

சிறுவர் விளையாட்டுக் கருவிகளின் பெயர்களும் கற்றோர் ஆராய்ச்சிக்கு உரியனவோ என்று நண்பர் ஒருவர் என்னை வினவினார். அவ்வினாவிற்கு விடையாகவே இச்சிறு கட்டுரையை வரையத் துணிந்தேன்.

புதுவை நகரின் வடபால், கடலை அடுத்துள்ள குருசுக்குப்பத்தில் என் இளமை கழிந்தது. கட்டுமரங்கள் கரையேறிக் கிடக்கும் மணற்பரப்பே எங்கள் ஆடரங்கு. சிறுமியர் அஞ்சாங்கல் ஆடுவர். ஓட்டுச் சில்லை எறிந்து பாண்டி ஆடுவர். சிறுவராகிய நாங்கள் மணல் கெட்டிப்பட்ட இடத்தில் குழி அகழ்ந்து கிட்டிப்புள் ஆடுவோம். நீண்ட தடி கிட்டி. இரு முனையுங் கூர்மையாகச் சீவிய சிறு கட்டை புள். முனையில் தட்டியவுடன் துள்ளியெழும் அதனைக் கிட்டியால் அடித்துத் தொலைவிற் பறக்கவிடுதலே ஆட்டம். பறவைக்கும் புள் என்பதே பெயர். அக்கட்டைக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

பின்னர்க் கல்லூரியில் ஆங்கிலம் பயிலுங்கால், இத்தகைய ஆட்டம் இங்கிலாந்திலும் வழங்கியதை அறிந்து வியந்தேன். ஆட்டத்தின் பெயர் டிப்கேட். நாம் புள் என்ற கட்டையை அவர்கள் 'கேட்', அதாவது பூனை, என்றனர். மோட்சப் பிரயாணம் இயற்றிய யோவான் பனியன், 1666-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆத்தும வரலாற்றில், ஒரு ஞாயிறன்று இவ்வாட்டம் ஆடியதைக் கூறுகிறார். குழியிலிருந்து ஒருமுறை அடித்து, மறுமுறை அடிக்க முற்பட்டபோது, வானினின்று ஒரு குரல் தம் உள்ளத்திற் பாய்ந்தது என்கிறார். ஆட்டத்தை அறியாது இப்பகுதியைப் படிப்போன், பனியன் பூனையை அடித்தாரென மயங்குதல் கூடும். யார்க்‌ஷியரில் வழங்கிய வேறோர் ஆட்டத்தில் கட்டியான சிறு பந்திற்கு 'நர்' என்றும், அதனை மேலெறியும் பொறிக்கு 'ஸ்பெல்' என்றும் பெயர். இன்று ஸ்பெல் என்றால் எழுத்துக் கூட்டுதலே நினைவிற்கு வரும். ஆலிஸ் கோம் அம்மையார் 1894, 1898-ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அந்நாட்டு ஆட்டங்களைத் திரட்டி வெளியிட்டார். ஆட்டம் வழக்கொழியினும் அதன் சொற்களுக்கு அவ்வேடு புகலிடமாயிற்று.

நம் மொழிக்கும் இது பொருந்தும். நூலறிவின்றி அவையிற் பேசுதலைக் கட்டம் வரையாது வட்டாடுதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர், 401-ஆம் குறளில். வட்டாடியோர் அவ்வுவமையைக் கேட்டவுடன் நகைத்திருப்பர். நாமோ உரையை நாடுகிறோம். புறநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஆன்பொருநை மணலில் மகளிர் கழங்காடுகின்றனர். கழங்கென்னுஞ் சொல் நம் பேச்சினின்று மறைந்தது. எனினும் அதன் இனமான அஞ்சாங்கல்லைக் கண்டவர்க்கு அக்காட்சி எளிதில் விளங்கும். அவ்வாட்டமும் மறையுமாயின் பாட்டின் ஒளியுங் குன்றும்.

எம்மூரில் அரங்கே மறைந்தது. 1980-களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுக வாயிலில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே பெயரும் மணல் அவற்றால் தடைப்பட, வடபாற் கரையைக் கடல் அரித்தது. குருசுக்குப்பத்துக் கரையிற் கருங்கற்களைக் குவித்தனர். கல்லின்மேற் குழி அகழ்தல் இயலுமோ? பாண்டிக்குக் கோடு கிழித்தல் கூடுமோ? அண்மையில் அங்கே ஒரு சிறுவனை அழைத்து, "தம்பி, புள் என்றால் என்ன?" என்றேன். "பறவை, ஐயா, பாடப் புத்தகத்தில் இருக்கிறது" என்றான். விடை சரியே. ஆயினும் அவன் கையில் அப்புள் ஒருநாளும் பறந்ததில்லை.

பிரெஞ்சுக் குருமார் 19-ஆம் நூற்றாண்டிலேயே புதுவை மிஷன் அச்சகத்தில் தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சிட்டனர். பிற நாட்டார் நம் சொற்களைத் திரட்ட, நாம் வாளாவிருத்தல் தகுமோ? எனினும், அகராதி சொல்லைக் காக்குமேயன்றி ஆட்டத்தைக் காவாது. ஆதலின், மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் பாட்டிமாரிடம் ஆட்டங்களின் பெயரும் கருவிகளின் பெயரும் கேட்டு எழுதுங்கள். அதனோடு நில்லாது, தம்பி தங்கையர்க்கு ஆடியுங் காட்டுங்கள். நம் கல்லூரி மைதானத்தின் ஒரு மூலையிற் கிட்டிப்புள்ளுக்கு ஒரு குழி அகழ்வதால் கிரிக்கெட்டுக்கு யாதொரு குறைவும் நேராது.