டம்ளரில் தெரிந்த ஆள்

"சார், டம்ளர்ல நீங்க தெரியறீங்க. கொஞ்சம் பின்னால போங்க."

இரண்டடி நகர்ந்தேன். இன்னும் தெரிகிறேன் என்றார் போட்டோக்காரர். கடைசியில் கதவுக்கு வெளியே நின்றுதான் மீதி வேலையைப் பார்த்தேன். காஞ்சிபுரம் காந்தி சாலையில், பட்டுக்கடைப் பலகைகளுக்கு மேல் மாடியில் அந்த ஸ்டுடியோ. ஒரு அறைதான். வழக்கமாக வருவது புடவைகள். ஆன்லைனில் போடக் கடைக்காரர்கள் கட்டுக்கட்டாய் அனுப்புவார்கள். அன்றைக்கு அவற்றோடு ஒரு பரிசுப்பொருள் கடையின் கண்ணாடி ஜாடியும் ஆறு டம்ளரும் வந்திருந்தன.

"கண்ணாடிக்கு லைட் அடிக்கக் கூடாது சார். அது எதைப் பாக்குதோ, அதுக்கு அடிக்கணும்."

சொல்லிவிட்டுச் செய்து காட்டினார். மேஜைக்குப் பின்னால் பட்டர் பேப்பர், அதற்கும் பின்னால் ஒரே விளக்கு. டம்ளர் வெளுத்துப்போய், எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இரு பக்கமும், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், கறுப்பு சார்ட் பட்டைகளை நிறுத்தினார். மை தீட்டியதுபோல் ஓரத்தில் கோடு விழுந்தது. பிறகு அத்தனையும் தலைகீழ்: பின்னால் கறுப்புத் துணி, பக்கங்களில் வெள்ளைத் தெர்மாகோல். இப்போது விளிம்பு மட்டும் வெள்ளிக் கம்பியாய் மின்னியது. விளக்கு அதேதான். அட்டைகளை நகர்த்தியதும், கைரேகை படாமல் துடைத்துத் துடைத்து உதவியாளப் பையன் அலுத்துக்கொண்டதும்தான் வேலை.

கடைக்காரர் கேட்டது கலர். பட்டர் பேப்பருக்குப் பின்னால் இடப்பக்கம் சிவப்பு ஜெல், வலப்பக்கம் நீலம். காலி டம்ளரில் அப்படியே தெரிந்தது. பையன் தண்ணீர் ஊற்றினான். சிவப்பு வலத்துக்கும் நீலம் இடத்துக்கும் தாவிவிட்டன. தண்ணீர் நிறைந்த டம்ளர் ஒரு லென்ஸ் அல்லவா! எனக்கென்னவோ அந்தப் படம் ஹோட்டல் மெனு அட்டைபோல்தான் பட்டது. கறுப்புத் துணிப் படம்தான் பிடித்தது. அதை வெளியே சொல்லவில்லை.

ஜாடியின் வயிற்றில் மட்டும் ஜன்னலின் பிம்பம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. லென்ஸில் போலரைசரை மாட்டி மெல்லத் திருகினார். ஒரு கட்டத்தில் ஜன்னல் கரைந்துபோயிற்று. டேவிட் புரூஸ்டர் 1815இல் வகுத்த விதி இது. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே திசையில் அதிரும். அதைப் போலரைசர் தடுத்துவிடும். அவருக்குப் புரூஸ்டரைத் தெரியாது, கோணம் தெரியும். கேமராவை அவ்வளவு சாய்வில்தான் வைத்திருந்தார்.

அதே போலரைசரோடு ஒரு புடவையைப் பார்க்கச் சொன்னார். பட்டின் பளபளப்பு அடங்கி நிறம் ஆழமானது. ஜரிகை கொஞ்சமும் அடங்கவில்லை. பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது ஜரிகை. உலோகம் இந்த விதிக்குக் கட்டுப்படாது. ஒவ்வொரு சுற்றும் ஒரு குட்டிக் கண்ணாடி, எதிரே இருப்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதனால் ஜரிகைக்கும் அதே வைத்தியம்தான்: வெள்ளை அட்டை, கறுப்பு அட்டை.

"ஆனா பொடவைக்கு ஜெல் மட்டும் ஆகாது சார்," என்று சிரித்தார். ஒரு தீபாவளிக்கு மயில் கழுத்துப் புடவைமேல் சிவப்பு வெளிச்சம் கேட்டார்களாம். பாவு நீலம், ஊடை பச்சை. சிவப்பில் இரண்டுமே கறுத்து, ஜரிகை செம்பாகிவிட்டது. கண்ணாடிக்குச் சொந்த நிறம் கிடையாது, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பட்டுக்கு அப்படி இல்லை.

மதியம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவுக்கார அம்மா வந்தார். வீட்டுத் தறியில் நெய்த புடவை. அதுவும் மயில் கழுத்துதான், அரக்குக் கரை கோர்வையில் சேர்ந்தது. விரித்துப்போட்டு எடுத்த படத்தைப் போட்டோக்காரர் திரையில் காட்டினார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"வெறும் நீலமா இருக்கே தம்பி. பச்சை எங்க?"

"லைட்ல குறையில்லையேம்மா."

"லைட்ட விடு. பொடவைய இப்பிடியா பாய் மாதிரி விரிப்பாங்க?"

கேட்டுக்கொண்டே முந்தியைச் சுருட்டி எடுத்து, வாசல்படிக்குப் போய், கைமேல் மூன்று மடிப்பாய்ப் போட்டுக்கொண்டார். மடிப்பின் முதுகில் நீலம், பள்ளத்தில் பச்சை. நான் நின்றிருந்த இடம் அது. மறுபடியும் என்னை நகரச் சொன்னார்கள்.

பையன் விளக்கை அணைத்தான். அவர் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"கையை அசைக்காதீங்கம்மா."

"அசைக்கல. நீ எடு."