கிளட்ச் இல்லாமல் ஏலகிரிக்கு

ஏலகிரிக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் வாருங்கள், போய்விட்டு வரலாம். சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மலைமேல் இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏரியில் படகு விடுவதற்காக உங்களை அழைக்கவில்லை. கார் வாங்குவதற்காக அழைக்கிறேன்!

"கார் வாங்க யாராவது மலை ஏறுவார்களா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. என் தங்கையின் நிலைமையைக் கேட்டால் சிரிக்கமாட்டீர்கள்.

அவளுக்கு இடது முழங்காலில் வலி. அவள் கணவர் ரிடையரானவர். கண் பார்வை மங்கிவிட்டதால் இனிமேல் வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எண்பதைத் தாண்டிய மாமியார். அவரை வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கூடவே மடக்கு நாற்காலி வண்டியும் போகவேண்டும். ஆகவே, கிளட்ச் இல்லாத கார். பின்னால் விசாலமான டிக்கி. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்காத சுபாவம். எல்லாம் பிராவிடண்ட் பண்டுப் பணத்துக்குள்!

இந்த ஜாதகத்துக்குப் பொருந்துகிற வரன்கள் நம் நாட்டில் நாலைந்துதான். மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்குகிறவை. இதற்குக் காரணம் சர்க்கார் வரி. நாலு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு 2006-இல் வரிச் சலுகை கொடுத்தார்கள். உடனே கம்பெனிக்காரர்கள் டிக்கி வைத்த கார்களின் வாலைக் கத்தரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வால் குட்டைதான், ஆனாலும் அமேஸில் 416 லிட்டர், ஆராவில் 402, டிசையரில் 382 லிட்டர் இடம் இருக்கிறது. மடக்கு நாற்காலி தாராளமாகப் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் 18 சதவிகிதமாகக் குறைந்தது.

ஷோரூம்களுக்கு நாங்கள் நடந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லா இடத்திலும் ஏர்கண்டிஷன் காற்று, ஒரு காப்பி, கடைசியில் சமதரையான ரோட்டில் மூன்று கிலோமீட்டர் சவாரி. மூன்று கிலோமீட்டரில் கல்யாணப் பெண்ணின் சமையலைத் தெரிந்துகொள்ள முடியுமா? ஆகையால் நாமே ஓட்டிக்கொள்ளும்படி வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் இரண்டு கார்களை இரண்டு நாளுக்கு எடுத்தோம். இரண்டிலும் கிளட்ச் கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே இனம் அல்ல. ஆட்டோமாட்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கார் ஏ.எம்.டி. ஜாதி. இதில் இருப்பது சாதாரண கியர்ப் பெட்டிதான், கிளட்ச்சும் இருக்கிறது. நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சின்ன யந்திரம் அந்த வேலையைச் செய்கிறது, அவ்வளவே. நம் நாட்டில் 2014-இல் மாருதி செலேரியோ மூலம் இது மத்தியதரக் குடும்பங்களுக்கு எட்டியது. டிசையர், ஆரா, டிகோர் மூன்றிலும் இதுதான்.

இரண்டாவது சி.வி.டி. இதில் கியர்ப் படிகளே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பட்டை. கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் கொடுக்க, பட்டை மேலும் கீழும் நகர்ந்து வேகத்தை மாற்றுகிறது. ஹாலந்து தேசத்தில் ஹுப் வான் டோர்ன் என்பவரின் டாஃப் கம்பெனி 1958-இல் இப்படி ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. அதில் ரப்பர்ப் பட்டை. இப்போது எஃகுப் பட்டை. முன்னால் எவ்வளவு வேகமாகப் போகுமோ, அவ்வளவு வேகமாக அந்தக் கார் பின்னாலும் போகும். அதை வைத்து ஹாலந்துக்காரர்கள் பிற்பாடு பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள்! நம் நால்வரில் அமேஸ் இந்த ஜாதி.

சரி, புறப்படுவோம். கத்திப்பாராவிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் காலை எட்டு மணிக்கு இருந்தால் உலகத்திலுள்ள வாகனம் எல்லாம் நமக்கு முன்னால் நிற்பதாகத் தோன்றும். ஏ.எம்.டி. காரைத் தங்கை ஓட்டினாள். மாமியார் பின்சீட்டில். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மறுபடி ஒன்றுக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கார் ஒரு கணம் மூச்சை நிறுத்தி, தலையை முன்னால் சாய்த்தது. போரூர் வருவதற்குள் கிழவியார் கேட்டார்:

"ஏண்டி, இந்த வண்டி எனக்கு எத்தனை தடவை நமஸ்காரம் பண்ணும்?"

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. கியர் மாறப்போகும் சமயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பாட்டுக்காரர் மூச்சு எடுக்கும் இடத்தில் மிருதங்கக்காரர் சற்று நிதானிப்பது போல! தங்கைக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வருவதற்குள் இது பிடிபட்டுவிட்டது. பின்னால் வந்த சி.வி.டி. கார் மட்டும் வெண்ணெய் மேல் வழுக்குவதுபோல வந்துகொண்டிருந்தது. நகர நெரிசலில் அதற்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் சாலையை ஒட்டியே ஹூண்டாய் தொழிற்சாலை. 1998 முதல் இங்கிருந்து கார்கள் வெளிவருகின்றன. ஆராவும் இங்கேதான் பிறக்கிறது. அடுத்து ஸ்ரீபெரும்புதூர். உடையவர் அவதரித்த ஸ்தலத்தின் திசை நோக்கி மாமியார் காரில் இருந்தபடியே கைகூப்பினார். அப்புறம் வேலூர் வரை அகலமான ராஜபாட்டை. இங்கே இரண்டு கார்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே மைலேஜ் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஆட்டோமாட்டிக் என்றால் பெட்ரோலைக் குடிக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்துக் கார்களைப் பொறுத்தவரை அது வாஸ்தவம். 2024 நவம்பரில் வந்த புது டிசையரில் கைக் கியருக்குக் கம்பெனி சொன்னது லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், ஏ.எம்.டி.க்கு 25.71. அதே வருஷம் டிசம்பரில் வந்த அமேஸில் கைக் கியருக்கு 18.65, சி.வி.டி.க்கு 19.46. இரண்டிலும் தானாகக் கியர் மாற்றும் காரே சிக்கனம்! ஆனால் இவை சோதனைச் சாலையில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்த கணக்குகள். கோயம்பேட்டு நெரிசலில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் பிரியாணி. ஓட்டுகிறவர்கள் அளவாகச் சாப்பிடவும்.

வாணியம்பாடி தாண்டி, திருப்பத்தூர்ச் சாலையில் திரும்பினால் பொன்னேரி வருகிறது. மீஞ்சூருக்கு அப்பால் இருக்கும் பொன்னேரி அல்ல. இது மலையடிவாரப் பொன்னேரி. இங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், ஔவையார், பாரதியார் என்று புலவர்களும், பாரி, காரி, ஓரி முதலிய கடையெழு வள்ளல்களும் நம்மை மேலே அழைத்துப் போகிறார்கள். எந்த யோசனைக்காரர் இப்படிப் பெயர் வைத்தாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம்!

கார்களின் குணம் இங்கேதான் வெளிப்பட்டது. ஏ.எம்.டி. காரை 'டி'யில் போட்டுக்கொண்டு ஏறினால், வளைவின் நடுவில் அதற்குச் சந்தேகம் வந்துவிடுகிறது: இரண்டா, மூன்றா? யோசிக்கிற அந்தக் கணத்தில் வேகம் செத்துப்போகிறது. மூன்றாவது வளைவில் தங்கை கியர்க் குச்சியை 'எம்'முக்குத் தள்ளி, இரண்டாவது கியரிலேயே நிறுத்திக்கொண்டாள். அவ்வளவுதான், கார் சொன்னபடி கேட்டது. பஸ் ஒன்று எதிரே வந்து ஏற்றத்தில் நிற்க நேர்ந்தபோது, ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து வண்டியைத் தாங்கப் பார்த்தாள். அது கூடாது. உள்ளே கிளட்ச் தேயும். அதைப் புதுப்பிக்கும் செலவு நம் தலையில். பிரேக்கில் நிற்க வேண்டும். பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருளாமல் ஓரிரு விநாடி பிடித்துக்கொள்ளும் வசதி இப்போது வருகிறது. வாங்குமுன் அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சி.வி.டி. காருக்கு மலையில் சந்தேகமே இல்லை, கூச்சல்தான் ஜாஸ்தி. அழுத்தி மிதித்தால் எஞ்சின் முதலில் கத்துகிறது. கார் பிறகு நகர்கிறது. மெதுவாக மிதித்தால் சாது.

மலைமேல் புங்கனூர் ஏரிக்கரையில் குளிர்ந்த காற்று. மாமியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அத்திம்பேர் காகிதத்தை எடுத்தார்.

தங்கை மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுவாள். கம்பெனிக் கணக்குப்படி ஒரு காருக்கு 19 லிட்டருக்குச் சற்று மேல், மற்றதற்கு 26 லிட்டருக்குச் சற்றுக் குறைய. ஆறு லிட்டர் வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் அறுநூறு ரூபாய்ச் சொச்சம். வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. இதற்காக மட்டும் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாங்கும்போதே ஒரு வித்தியாசம் இருக்கிறது. டிசையரில் ஏ.எம்.டி.க்குக் கைக் கியரைவிட அரை லட்சம் போலத்தான் கூடுதல், அமேஸில் சி.வி.டி.க்கு ஒரு லட்சமும் அதற்கு மேலும் ஆகிறது.

என்னைக் கேட்டால், தினம் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து ஆபீசுக்குப் போகிற பெண் கையில் பணம் இருந்தால் சி.வி.டி.யையே வாங்கட்டும். மற்றவர்கள் அந்த லட்ச ரூபாயைப் பாங்கில் போடலாம். அத்திம்பேர் சி.வி.டி. கட்சி. தங்கை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் இறங்கும்போது ஏ.எம்.டி.யில் மறுபடி இரண்டாவது கியர், சி.வி.டி.யில் குச்சியைத் தாழ்ந்த வேகத்துக்கு இழுத்துவிட்டோம். பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

சென்னை திரும்பியதும் தங்கை ஒரு காரியம் செய்தாள். இரண்டு ஷோரூம்களிலிருந்தும் வண்டியைத் தன் பிளாட்டுக்கே கொண்டுவரச் சொன்னாள். கீழ்த்தளத்திலிருந்து செங்குத்தாக ஏறும் அந்தச் சரிவில் பாதியில் நிறுத்தி, மறுபடி ஏற்றினாள். பின்னோக்கியும் ஏற்றிப் பார்த்தாள். டிக்கியில் மடக்கு நாற்காலியைத் தானே தூக்கி வைத்து, தானே இறக்கினாள். விற்பனைக்காரப் பையன் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். இரண்டு கார்களும் பரீட்சையில் தேறின.

அவள் ஏ.எம்.டி. காருக்கே முன்பணம் கட்டினாள். மீந்த லட்ச ரூபாய் முழங்கால் ஆபரேஷனுக்கு இருக்கட்டும் என்றாள்.

"மாமிக்குத்தான் தலையாட்டம் கஷ்டமாயிருக்குமோ?" என்று நான் இழுத்தேன்.

"எனக்கென்ன கஷ்டம்?" என்றார் மாமியார். "இந்த வீட்டில் எனக்கு நமஸ்காரம் பண்ண வேறு யார் இருக்கிறார்கள்?"