எட்டுப் பேருக்குப் பதினாறு கை

உயிர்வேதியியல் முதல் தேர்வில் நான் வாங்கியது நூற்றுக்குப் பதினொன்று. விடைத்தாளை மேசைமேல் போட்ட ஆசிரியர், "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதைவிட, நான் சிரித்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பிளவக்கல் அணைக்குக் கீழே, வத்திராயிருப்புப் பக்கம் எங்க ஊர். அப்பா நீர்ப்பாய்ச்சி. அம்மா நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போவாள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனவன் நான். ஹார்ப்பர் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்கு நாற்பது சொல் தெரியாது. புரியாததை மனப்பாடம் செய்தேன். ராத்திரி இரண்டு மணிவரை விடுதி வராந்தாவில் நடந்து நடந்து கத்திப் படிப்பேன். விடிந்தால் ஒன்றும் நிற்காது. பழைய வினாத்தாளும் சீனியர் எழுதிய குறிப்பும் அறைக்கு அறை போகும். எங்க அறைக்கு மட்டும் வராது.

திரும்பிப் போகக்கூடாது என்று முடிவுபண்ணி, பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டேன். நடவு நேரம். அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோய் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வயலில் எட்டுப் பெண்கள். வயல்காரர் கரையில் நின்று, "நாத்துதான் குவிஞ்சு கெடக்கே, வெரசா நட்டா என்ன?" என்று சத்தம் போட்டார். அம்மா நிமிராமலே சொன்னாள்: "நாத்து எம்புட்டுக் கெடந்தா என்னய்யா, எட்டுப் பேருக்குப் பதினாறு கைதான இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த பாடம் அதுதான். 1913-ல் மைக்கேலிஸும் மென்டனும் எழுதிய நொதிச் சமன்பாடு. நடுகிற பெண்கள்தான் நொதி, நாற்று வினைப்பொருள். நாற்று குறைவாகக் கிடந்தால், கூடுதலாகப் போடப்போட வேலை வேகமெடுக்கும். எல்லாக் கையும் நிறைந்தபிறகு நாற்றை மலையாகக் குவித்தாலும் வேகம் ஏறாது. அதுதான் உச்ச வேகம். அதில் பாதி வேகம் வருவதற்கு எவ்வளவு நாற்று கிடக்கவேண்டுமோ, அந்த அளவுதான் புத்தகத்தில் கே.எம். என்று போட்டிருப்பது.

அன்று சாயங்காலம்வரை வரப்பிலேயே இருந்தேன். நாற்றோடு குதிரைவாலிப் புல் கலந்து வந்தால் என்ன ஆகும்? பார்க்க நாற்று மாதிரியே இருக்கும். கை அதையும் எடுக்கும், எறியும், நேரம் போகும். நல்ல நாற்றை நிறையப் போட்டால் புல்லின் தொந்தரவு குறையும். இது போட்டித் தடை. இரண்டு பெண்கள் காய்ச்சலென்று வீட்டுக்குப் போய்விட்டால் எவ்வளவு நாற்று போட்டும் பழைய வேகம் வராது. இது போட்டியில்லாத் தடை.

அப்பாவிடமிருந்து இன்னொன்று கிடைத்தது. குளுக்கோஸ் உடையும் பாதையில் பத்துப் படி. பத்தையும் ஒப்பித்துக்கொண்டிருந்தேனே தவிர மடை எங்கே என்று கேட்டதில்லை. கண்மாய் நிரம்பினால் அப்பா மேல்மடையைத்தான் அடைப்பார், ஒவ்வொரு வாய்க்காலாக ஓடமாட்டார். உடம்பிலும் அப்படித்தான். ஏ.டி.பி. நிறைந்துவிட்டால் மூன்றாவது படியில் இருக்கும் பாஸ்போபிரக்டோகைனேஸ் என்ற மடை இறங்கிவிடும். எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது, மடை எங்கே இருக்கிறது, யார் அடைக்கிறார்கள்? எந்தப் பாதையைப் படித்தாலும் முதலில் இதைத்தான் கேட்கவேண்டும். பெயர்கள் பிறகு வரட்டும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். அதற்குப்பிறகு நான் படித்த முறை இது. பாடத்தை ஒருதரம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் பாதையை வரைவேன். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதுவேன். மறுநாள் ஒருதடவை, மூன்று நாள் கழித்து ஒருதடவை, வாரம் கழித்து ஒருதடவை. வரைந்ததைத் தமிழில் இன்னொருத்தனுக்குச் சொல்லுவேன். அவன் "ஏன்?" என்று கேட்கும் இடத்தில் நான் முழித்தால் அது எனக்குத் தெரியாத இடம். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். திரும்பத்திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நின்றிருந்தது. என் வராந்தா நடை ஏன் வீணாயிற்று என்று அப்போதுதான் விளங்கியது.

இதையெல்லாம் நாம் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கவேண்டும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலர் நம்ம சனம், கூலிக்குப் போனவர்கள். மெத்தனாலை உடம்பிலுள்ள நொதிகள் பார்மிக் அமிலமாக மாற்றுகின்றன. கண்ணைப் பறிப்பது அந்த அமிலம். முதல் படியிலுள்ள நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் ஆஸ்பத்திரியில் அளவோடு எத்தனாலைக் கொடுத்து அந்த நொதியின் கையை நிரப்பிவிட்டால் மெத்தனால் மாறாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ரத்தத்திலிருந்து அதைச் சுத்திகரிக்கவும் அவகாசம் கிடைக்கும். வயலில் பார்த்த அதே போட்டித் தடைதான். இங்கே அது உயிர் காக்கிறது. ஆனால் சீக்கிரம் கொண்டுவரவேண்டும், அங்கே இதைத் தெரிந்த ஆளும் இருக்கவேண்டும்.

இப்போது நானே இந்தப் பாடத்தை நடத்துகிறேன். போனமாதம் எங்க ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி போன் பண்ணினாள். முதல் வருடம். "அண்ணே, என்னால முடியாது, வந்துரப்போறேன்" என்று அழுதாள். முறையெல்லாம் சொல்லிவிட்டு, "வகுப்புல சந்தேகம் கேளும்மா" என்றேன். "கேட்டா சிரிக்கிறாங்கண்ணே" என்றாள். முப்பது வருடம் ஆகியும் அதே சிரிப்பு. அதற்கு என்னிடம் படிப்புமுறை எதுவும் இல்லை. "நீ சேர்ந்து சிரிக்காத" என்று மட்டும் சொன்னேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தினமும் போனில் ஒரு பாதையைத் தமிழில் எனக்குச் சொல்லவேண்டும் என்று பேச்சு. நேற்று யூரியா சுழற்சி சொன்னாள். இரண்டு இடத்தில் முழித்தாள். இன்றைக்கும் அதையேதான் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.