மரம் இறங்க இறங்க

மலேசியாவில் ரந்தாவிலிருந்து சிலியாவை நோக்கிப் போகும் சாலையின் இருமருங்கிலும் இன்று பெரும்பாலும் செம்பனையே கண்ணில் படுகிறது என்றாலும், சற்று உள்ளே நடந்தால் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் காடு ஒன்று மிஞ்சியிருப்பதாகக் கேள்விப்பட்டு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த கையோடு, வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் பின்னால் நானும் புறப்பட்டேன். வெயில் ஏறினால் பட்டைக்குள் பாலின் அழுத்தம் தணிந்து ஒழுக்குக் குறைந்துவிடுமாதலால், இத்தொழிலில் இருட்டோடு தொடங்குவதே விதி.

ஓய்வு பெற்ற பின்னும் ஆள் குறையும் நாட்களில் நிரைக்கு வரும் அம்மையார் ஒருவர் எனக்கு வெட்டிக் காட்டினார். வெட்டுக்கோட்டில் உறைந்து கிடந்த கோட்டுப்பாலை விரலால் உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, கத்தியை இடது மேற்புறத்தில் ஊன்றி, 30 பாகைச் சரிவில் வலது கீழ்ப்புறமாக இழுத்தவாறே, மரத்தைச் சுற்றி அரைவட்டம் கால் மாற்றிக் கால் வைத்து அவர் நகர்ந்தபோது, 1.5 மில்லிமீட்டர் கனத்தில் பட்டைச் சீவல் சுருண்டு விழுந்தது. உட்புறத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதையும் கடந்து கத்தி போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இப்படி நாளொன்றுக்கு 400 முதல் 600 மரங்கள். மரத்தின் க்ஷேமத்துக்கு இத்தனை பிரமாணங்கள் உண்டே, வெட்டுபவர் இடுப்புக்கு ஏதேனும் உண்டா என்று மண்டோரைக் கேட்டேன், சிரித்தார்.

ஒட்டுமரத்தில் முதல் வெட்டு தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால் வருஷத்துக்கு ஒரு சாணுக்குக் குறையாமல் பட்டை கரைந்து, ஐந்தாறு வருஷத்தில் வெட்டுக்கோடு முழங்காலுக்குக் கீழே போய்விடும். பின்பு மறுபக்கத்துப் பட்டையைத் திறந்து மீண்டும் மேலிருந்து தொடங்குவார்கள். மரம் முதிர்ந்தாலோ, தலைக்கு மேலிருக்கும் பட்டையை நீண்ட பிடிக் கத்தியால் அண்ணாந்து வெட்ட வேண்டும்.

“மரம் எறங்கிக்கிட்டே வரும் தம்பி, நாமளும் கூடவே எறங்கணும். மேல்பட்டைக்குப் போட்டாங்கன்னா கழுத்து போயிடும்” என்றார் அந்த அம்மையார். எந்த மூட்டில் வலி என்று தெரிந்தால், அந்த வருஷம் எந்த உயரத்துப் பட்டை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்த காலத்தின் தடிப்பு அவருடைய வலத்தோளில் இன்னும் கையில் தட்டுப்படுகிறது.

இந்த வலி தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. சிரம்பானில் எனக்குப் பழக்கமான சஸ்திர சிகிச்சை நிபுணர் ஒருவர், சிறு துவாரங்களின் வழியே நீண்ட கருவிகளைச் செலுத்தித் திரையைப் பார்த்தபடியே செய்யும் சிகிச்சை வந்தபின் தம் கழுத்தும் தோளும் படும் பாட்டை அடிக்கடி சொல்வார். உலகெங்கும் அவர் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதையே முறையிடுகிறார்கள். மயிரிழை பிசகாத வெட்டு, இமைக்காத பார்வை, அசையாத இடுப்பு என்று அவருடைய பிரயாசையும் இந்த அம்மையாருடைய பிரயாசையும் ஒரே ஜாதிதான். ஆனால் நிபுணர் தமக்கு வேண்டிய உயரத்துக்கு மேஜையை ஏற்றி இறக்கிக் கொள்ளலாம். இங்கே ஏறி இறங்க வேண்டியது மனித சரீரம். வேலையே வலிக்குக் காரணமாகலாம் என்பதால்தான், நோயாளியிடம் வைத்தியர் ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்று அவசியம் கேட்க வேண்டும் என்று, 1700-ஆம் ஆண்டில் வெளிவந்த தொழிலாளர் நோய்களைப் பற்றிய கிரந்தத்தில் இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி எழுதினார். அம்மையாருக்கோ இதுவரை கிடைத்திருப்பவை தைலமும், ‘வயசாயிடுச்சு’ என்ற பதிலும். வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேலையை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா!

திரும்பும் வழியில் செம்பனைக் காட்டில் குலை வெட்டிக் கொண்டிருந்தார்கள். இளமரத்துக்கு உளி போதும்; வளர்ந்துவிட்டால் நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மட்டையையும் குலையையும் இழுத்து அறுக்க வேண்டும். விழும் குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதை இரும்புக் கம்பியால் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றுவதும் அதே ஆள்தான். மோட்டார் பொருத்திய அரிவாளும் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டு வந்திருக்கிறது. எனினும் நான் கண்ட இளைஞர்கள் கைக்கழியோடுதான் நின்றார்கள். கூலி எடைக்கணக்கு, ஆகையால் தோள் நொந்து உட்கார்ந்தால் அன்றைய வரும்படி குறையும்.

கழி சறுக்கிக் கை அறுந்தால் அதற்கு நாளும் நேரமும் சாட்சியும் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் எழுதிக் கொடுக்கலாம். 2019 முதல் அந்நியத் தொழிலாளிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சிறுகச் சிறுகச் சேரும் வலிக்குத் தேதி ஏது? குலை வெட்டிய இளைஞன் இந்தோனேசியாவின் லொம்போக்கைச் சேர்ந்தவன். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, பத்து வருஷம் கழித்து அவனுக்குக் கை தூக்க முடியாமற் போனால், அதை இந்தத் தோட்டத்துக் கணக்கில் யார் எழுதுவார் என்று மண்டோரிடம் கேட்டேன். “அப்ப நானே இங்க இருக்க மாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் குலைகளை எண்ணப் போனார்.