விட்ட இடத்திலிருந்து

டிரம் மெஷினைக் கொடுத்துவிட்டு மென்பொருளுக்கு மாறலாமா என்று இசைக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் பேச்சு ஓசையைச் சுற்றியே போகும். அசலில் இருக்கும் கனம் நகலில் வருமா, திருகைத் திருப்பும்போது விரலுக்குக் கிடைப்பது மவுஸில் கிடைக்குமா என்பார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் போன ஆண்டு நான் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தபோது என் முன்னால் இருந்த கேள்வி வேறு. ஒரு மணி நேரத்தில் மூன்று முறை எழுந்து போகிறவளுக்கு எந்தக் கருவி ஒத்துழைக்கும்?

குறும்படங்களுக்கும் நடன நிகழ்ச்சிகளுக்கும் மின்னணு இசை அமைப்பது என் தொழில். சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. சின்ன அறையில் இரண்டு டிரம் மெஷின்கள், ஒரு மிக்சர், இரண்டு ஸ்பீக்கர்கள், காலில் சிக்கும் கேபிள்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மா எங்களோடு வந்து தங்கியபோது அந்த அறை அவருக்குத் தேவைப்பட்டது. கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் யாருடைய பொருள்கள் நகர வேண்டும் என்பது பற்றி வீட்டில் ஒரு பேச்சுகூட நடக்கவில்லை. ஹாலில் ஜன்னலோரம் இருந்த கணவரின் அலுவலக மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. "உனக்கென்ன, எல்லாத்தையும் லேப்டாப்லயே பண்ணிடலாமே" என்றார் அவர். மென்பொருள் என்கிற யோசனை எங்கள் வீட்டுக்குள் வந்தது இப்படித்தான். கொஞ்சம் ஒதுங்கிக்கொள் என்பதை இதமாகச் சொல்லும் முறை அது.

அந்தக் கோபத்தோடுதான் தேடத் தொடங்கினேன். கோபம் ஒரு நல்லது செய்தது. மென்பொருளை மட்டுமல்லாமல், நான் இழக்கப்போவதாக நினைத்த 'அசலை'யும் அது சந்தேகமாகப் பார்க்க வைத்தது.

இன்று எல்லோரும் கொண்டாடும் ரோலண்ட் டிஆர்-808 மெஷின் 1980இல் வந்து 1983இல் நின்றுபோனது. உற்பத்தியானவை ஏறக்குறைய 12,000தான். அதே 1980இல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1, உண்மையான டிரம்ஸைப் பதிவுசெய்து ஒலித்தது. அதற்குப் பக்கத்தில் 808இன் ஓசை பொம்மை போல இருந்தது. அதன் பேஸ் டிரம் ஒரு மின்சுற்றின் அதிர்வு. கௌபெல் இரண்டு சதுர அலைகளின் சேர்க்கை. நிஜ டிரம்ஸ் போலவே இல்லை என்று ஒதுக்கப்பட்டு, பழைய பொருளாக மலிவாகக் கைமாறியது. அப்படி மலிவாகக் கிடைத்ததாலேயே அமெரிக்காவில் ஹிப் ஹாப், டெக்னோ இளைஞர்களின் கைக்குப் போனது. மும்பையில் சரண்ஜித் சிங் 1982இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்ததும் இதை வைத்துத்தான். இன்றைய அசல், அன்றைய போலி. இடமும் பணமும் ஆளும் இல்லாதவர்களின் மாற்று ஏற்பாடு. இதை யோசித்தபோது, மென்பொருளுக்கு மாறுவது தரம் இறங்குவது என்கிற எண்ணம் பாதி கரைந்தது.

மீதிப் பாதியைக் கரைத்தது என் நாட்குறிப்பு. எந்த வேலையை எப்போது தொடங்கி எப்போது நிறுத்தினேன் என்று எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. அதைப் புரட்டினால் 20 நிமிடம், 35 நிமிடம், 15 நிமிடம் என்றுதான் இருந்தது. மகளின் டியூஷன், குக்கர், அம்மாவுக்கு மாத்திரை, தண்ணீர் லாரி. வன்பொருள் மெஷினைப் புகழ்கிறவர்கள் எப்போதும் சொல்வது, அதன் முன் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது என்று. நேரம் போவது தெரியாமல் உட்கார, வேறு யாராவது நேரத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். 808 போன்ற மெஷினில் தாளத்தைச் சேமிக்கலாம். திருகுகள் நின்ற நிலையைச் சேமிக்க முடியாது. என்னுடையவையும் அந்த ரகம்தான். திங்களன்று கண்டுபிடித்த ஸ்னேரை வியாழனன்று மறுபடி தேட வேண்டும். செல்போனில் திருகுகளைப் படம் எடுத்துவைப்பேன். கிடைக்கிற 20 நிமிடத்தில் 12 நிமிடம், விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதிலேயே போய்விடும்.

மென்பொருளில் பாடலின் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு திருகும் நேற்று விட்ட இடத்தில் நிற்கிறது. விவாதங்களில் இதை ஒரு சின்ன வசதியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். எனக்கு அதுதான் முதல் அளவுகோல் ஆனது.

அடுத்து, எந்த மென்பொருள்? இலவச முன்னோட்டத்தில் மூன்று வகைகளைப் பார்த்தேன். முதல் வகை பழைய மெஷின்களை அப்படியே திரையில் வரைபவை. ரோலண்டே வெளியிடும் 808, டி16 நிறுவனத்தின் நெஃபெட்டான் போன்றவை. ஓசை அச்சு அசல். ஆனால் நான் இழந்துகொண்டிருக்கும் பொருளின் புகைப்படத்தோடு வேலை செய்வதுபோல் இருந்தது. இரண்டாவது, பதிவுசெய்த ஒலித்துணுக்குகளை அடுக்கித் தருபவை. எக்ஸ்ஓ என்கிற மென்பொருள், வட்டில் கிடக்கும் துணுக்குகளை ஓசை ஒற்றுமைப்படி ஒரு வரைபடமாகப் பரப்பிக் காட்டுகிறது. தேடுவது சுகம். ஆனால் அவை பிறர் அடித்துவைத்த அடிகள். உள்ளே புகுந்து வேறொன்றாக மாற்ற ஓரளவுக்குத்தான் முடியும்.

மூன்றாவது, ஓசையைப் பூஜ்யத்திலிருந்து பின்னுபவை. சோனிக் சார்ஜின் மைக்ரோடானிக் அப்படிப்பட்டது. எட்டு டிரம் தடங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அலை, ஓர் இரைச்சல், இரண்டையும் கலக்க ஒரு திருகு, ஒலித்துணுக்குகளே கிடையாது. அலையின் சுருதியை மேலிருந்து சட்டென்று கீழே விழவிட்டால் பேஸ் டிரம். சுருதியை மெல்ல வளைத்தால், கயிற்றை இறுக்கி வாசிக்கும் உடுக்கையின் குழைவு. குறுகிய இரைச்சலோடு கணீரென்ற உயர்சுருதி சேர்ந்தால் எவர்சில்வர் டம்ளர் தரையில் விழும் ஓசைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். நான்காவது நாள் அந்த டம்ளரைச் செய்து முடித்தேன். என் பழைய மெஷின்கள் எதிலும் அது இருந்ததில்லை. என் ஆறு வருட லேப்டாப் திணறவில்லை. மாதச் சந்தா இல்லை. ஒருமுறை வாங்கினால் போதும். மாதாமாதம் வருமானம் வராதவளுக்கு அதுவும் ஓர் அளவுகோல்தான். அதையே வாங்கினேன். பெரிய மெஷினை விற்ற பணத்தில் மென்பொருளும், திருகுகள் உள்ள சின்ன மிடி கன்ட்ரோலர் ஒன்றும், நல்ல ஹெட்ஃபோனும் வந்தன. ஹெட்ஃபோன் இருந்தால் அம்மா தூங்கும் நேரமும் என் நேரம்.

இழப்பு இல்லாமல் இல்லை. மேடையில் ஒரு பெண் மெஷின் முன் நின்று கை வைத்து வாசித்தபோதே, "மேடம், இதை யாரு புரோகிராம் பண்ணிக் கொடுத்தாங்க?" என்று கேட்ட ஒலிப்பதிவாளர்கள் உண்டு. லேப்டாப் முன் நின்றால் அந்தக் கேள்வி இன்னும் சுலபமாக வருகிறது. இது பழைய கதை. டீலியா டெர்பிஷைர் 1963இல் பிபிசியில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை உருவாக்கினார். பெயர் போனது மெட்டமைத்தவருக்கு. டெர்பிஷைர் 2001இல் இறந்தார். அவர் பெயர் அந்தத் தொடரின் திரையில் வந்தது 2013இல். கருவி நாடாவாக இருந்தாலும் மென்பொருளாக இருந்தாலும், பெண் கை அதில் பட்டதை உலகம் தானாகப் பார்த்துவிடாது. அதனால் இப்போது மேடையில் திரையைப் பார்வையாளர் பக்கம் திருப்பிவைக்கிறேன். ஒப்பந்தத்தில் 'இசை' என்பதோடு 'ஒலி வடிவமைப்பு, தாள நிரலாக்கம்' என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குகிறேன்.

மென்பொருள் என் அறையைத் திருப்பித் தரவில்லை. மேசை விஷயத்தைக் கணவரிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது; பேசினேன். இப்போது மாலை ஆறு மணிக்கு மேல் ஜன்னலோர மேசை எனக்கு. குக்கர் விசிலை எண்ணுவதும் மாத்திரை எடுத்துக்கொடுப்பதும் அந்த நேரத்தில் அவர் பாடு. லேப்டாப் போதுமே என்று யாராவது சொன்னால், போதும்தான், ஆனால் லேப்டாப்பை எங்கே வைப்பது, அதைத் திறந்திருக்கும் நேரத்தில் வீட்டை யார் பார்ப்பது என்று சேர்த்துக் கேளுங்கள். எந்த டிரம் மென்பொருள் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எது வாங்கலாம் என்பது அதற்கு அப்புறம்.